கருவிக்கும் பொதுமொழி வேண்டும்

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பல ஊர்களில் இப்போது யாரும் ஏணி ஏறுவதில்லை. தொட்டியிலுள்ள சென்சாரே கீழே மோட்டார் ரூமிலுள்ள பேனலுக்குச் சொல்லிவிடும். அது எந்த மொழியில் சொல்கிறது என்பதுதான் என் கேள்வி. அந்த மொழிக்குப் புரோட்டோகால் என்று பெயர்.

ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு இதில் என்ன அக்கறை என்பீர்கள். டெண்டர் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். கருவியின் விலையை ஒன்பது பேர் சரிபார்ப்பார்கள். அது என்ன மொழி பேசும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பில் பாஸான பிறகுதான் வினையே ஆரம்பம். ஒரு கம்பெனியின் கருவி அந்தக் கம்பெனியின் பேனலோடு மட்டுமே பேசும் என்றால், அடுத்த இருபது வருஷம் அவர்கள் சொன்னதுதான் விலை.

பழைய முறை எளிமையானது. கம்பியில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் ஓடும். 4 என்றால் தொட்டி காலி, 20 என்றால் நிறைந்துவிட்டது. காலிக்கு ஏன் பூஜ்யம் வைக்கவில்லை? பூஜ்யம் வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று உடனே தெரிய வேண்டுமே, அதற்காகத்தான். 1980-களில் வந்த ஹார்ட், இதே கம்பியில் தம்புரா சுருதி மேல் பாட்டு ஏறுவதுபோல டிஜிட்டல் செய்தியையும் ஏற்றி அனுப்பியது. பழைய கம்பியை யாரும் பிடுங்கி எறிய வேண்டியிருக்கவில்லை.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இன்னொரு கதையும் சொல்கிறேன். பிரான்ஸ் ‘ஃபிப்’ என்றொரு மொழியை உருவாக்கியது. ஜெர்மனி ‘புரோஃபிபஸ்’ என்றது. ஆளுக்கொரு கட்சி. வருஷக்கணக்கில் சண்டை போட்டு, 2000 வாக்கில் வந்த சர்வதேசத் தரத்தில் எட்டு வகைகளையும் சேர்த்துவிட்டார்கள். பஞ்சாயத்து எட்டுப் பேரையும் நாட்டாமை ஆக்கிய கதைதான்! ஃபிப் மட்டமானதல்ல, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் சுரங்கத்திலேயே வேலை செய்தது. ஆனால் அதைப் பேசுவோர் குறைந்துபோகவே, அதற்கான பாகத்தைச் செர்ன் தானே வடிவமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் முனிசிபாலிட்டியால் அது ஆகுமா?

1979-இல் அமெரிக்காவின் மோடிகான் கொண்டுவந்த மோட்பஸ், பெரிய புத்திசாலி மொழியல்ல. ஆனால் அதன் இலக்கணத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அதனால்தான் இன்றும் எந்த நாட்டு மீட்டரும் அதைப் பேசுகிறது. அதில் பூட்டு கிடையாது என்பது உண்மையான குறை. இன்டர்நெட்டில் நேரடியாக இணைக்கக் கூடாது. பூட்டை வெளியே தனியாகப் போட்டுக்கொள்ளலாம். சாவி அடுத்தவன் கையில் இருக்கும் வீட்டை என்ன செய்வது?

ஆகவே குடிநீர், கழிவுநீர், மின்சாரம் எதற்கு டெண்டர் விட்டாலும் இரண்டே வரி சேர்க்கட்டும்: கருவி திறந்த புரோட்டோகாலில் பேச வேண்டும், எந்த எண்ணில் எந்த அளவு கிடைக்கும் என்ற பட்டியலையும் எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் பில் பாஸாகக் கூடாது. இதற்கு இன்ஜினீயர் தேவையில்லை நண்பர்களே, கண்டிப்பான ஒரு குமாஸ்தா போதும்.