இருதயத்துள் ஒரு பாதாளக்கரண்டி

கயிறறுந்து வாளி கிணற்றில் விழுந்துவிட்டால் நாம் கிணற்றை இடிப்பதில்லை. பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவி, கொளுவி மேலே எடுக்கின்றோம். இருதய வைத்தியர்களும் இதே காரியத்தைச் செய்கின்றார்கள். அவர்களுடைய கிணறோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிப்பது!

சிலருக்குப் பிறவியிலேயே இருதயத்தின் இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவரில் துவாரம் இருக்கும். முன்னர் மார்பைத் திறந்தே அதனை மூடினார்கள். இன்று அத்தகைய துவாரங்கள் பலவற்றை, தொடையிடுக்கு நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நிக்கலும் தைத்தேனியமும் கலந்த கம்பியாற் பின்னிய இரட்டைத் தட்டொன்றினால் அடைத்துவிடுகின்றார்கள். குழாய்க்குள் ஒடுங்கிக் கிடக்கும் தட்டு, வெளிப்பட்டதும் விரிந்து தன் வடிவை அடையும்.

தட்டின் அளவு பொருந்தாவிட்டாலோ, அது பற்றி நிற்க விளிம்பு போதாவிட்டாலோ நழுவக்கூடும். இது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்வது. நழுவிய தட்டு குருதியோடு சென்று நுரையீரல் நாடியிலோ பெருநாடியிலோ தங்கலாம்.

அப்போது வைத்தியர் முன்னையதிலும் அகலமான குழாயொன்றைச் செலுத்துகின்றார். அதனூடே சுருக்குக் கம்பி செல்கின்றது. ஊடுகதிர்த் திரையைப் பார்த்தவாறே தட்டின் நடுக்குமிழிற் சுருக்கை மாட்டி இறுக்கி, அதனைக் குழாய்க்குள் ஒடுக்கி வெளியே எடுக்கின்றார். விரிந்தபடியே இழுத்தால் வால்வு கிழியக்கூடும். ஆதலால் அவசரம் ஆகாது. சுருக்குக்கு அகப்படாவிட்டாற் சத்திரசிகிச்சையே வழி.

இவ்வழி ஒரே நாளில் அமைந்ததன்று. 1929இல் ஜேர்மனிய வைத்தியர் வேர்ணர் போஸ்மன் தம் கை நாளத்தினூடே தம் இருதயத்துக்கே குழாயைச் செலுத்தினார். 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இருதயத்தின் வலது மேலறையிலும் கீழ்ப்பெருநாளத்திலும் முறிந்து கிடந்த உருக்குக் கம்பித் துண்டொன்று, சத்திரசிகிச்சையின்றி எடுக்கப்பட்ட செய்தி 1964இலேதான் வைத்திய ஏட்டில் வெளியாயிற்று. போகும் வழியைக் கண்டபின் மீளும் வழியைக் காண 35 ஆண்டுகள் சென்றன.

வீட்டிலுள்ளோர் இதனால் அறியவேண்டியது ஒன்றுண்டு. சிகிச்சைக்கு முன்பே, “தட்டு நழுவினால் எடுப்பதற்கு இங்கு வசதியுண்டா?” என்று வைத்தியரைக் கேளுங்கள். அது அவநம்பிக்கையன்று, நல்ல வைத்தியர் மகிழ்ந்தே விடையளிப்பார். வீடு திரும்பியபின் படபடப்போ, மூச்சுத்திணறலோ, நெஞ்சுநோவோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிலரிடம் எவ்வறிகுறியும் தோன்றாது. ஆகவே, உடம்பு சுகமாயிருக்கிறதே என்று எண்ணி, குறித்த நாளில் நடக்கும் ஒலியலைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். வைக்கத் தெரிவது பாதி வித்தை. வைத்ததை மீட்கத் தெரிவதே முழு வித்தை.