இதழியல் வகுப்பு எதற்கு?

இதழியலைக் கல்லூரியில் படிக்கத்தான் வேண்டுமா, பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டால் போதாதா என்ற கேள்வி அந்தப் படிப்பு பிறந்த நாள் முதலே உண்டு. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908-இல் இதழியல் பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். அச்சுக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து ஆசிரியராக உயர்ந்தவர். அலுவலகப் பயிற்சி எதைத் தரும், எதைத் தராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வகுப்புகள் ஆரம்பித்த அன்றே மாணவர்கள் தயாரித்த நாளிதழும் வெளிவந்தது. அது கல்லூரி ஆண்டு மலர் போன்றதல்ல. பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா நகர மக்களுக்கான செய்தித்தாள். பிழை வந்தால் ஊரே கேட்கும். 'கொலம்பியா மிசௌரியன்' என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

இதழியலுக்கு உறவான பேச்சுக்கலை தனித்துறையானது அதற்குச் சற்றுப் பின்னர். 1914-இல் 17 ஆசிரியர்கள் அமெரிக்க ஆங்கில ஆசிரியர் அமைப்பிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். பேச்சு என்பது இலக்கியப் பாடத்தின் ஓர் ஓரம் அல்ல, தனியே ஆராய்ந்து கற்பிக்க வேண்டிய துறை என்பது அவர்கள் கட்சி. பல அமெரிக்கக் கல்லூரிகளில் பேச்சும் இதழியலும் பின்னாளில் தகவல் தொடர்பியல் என்ற ஒரே கூரைக்குள் வந்தன. இந்தியாவில், சென்னைப் பல்கலைக்கழகம் இதழியல் கற்பிக்கத் தொடங்கியது 1947-இல். டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965-இல் வந்தது.

செய்தி எழுதும் வடிவத்தைக் கற்க மூன்று ஆண்டு தேவையில்லை. முகப்பு வரி, தலைப்பு, பக்க வடிவமைப்பு எல்லாம் ஒரு நல்ல உதவி ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் கைவந்துவிடும். கல்லூரியின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சிறுமி மீதான பாலியல் குற்றச் செய்தியை எழுதும் புதிய நிருபர், பெயரை நீக்கிவிட்டு, 'இந்த ஊர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிப்பவர்' என்று எழுதுகிறார் என்று கொள்வோம். தன் கடமை முடிந்ததாக நினைப்பார். ஆனால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பெயரோடு முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. வெளியீட்டாளரும் பொறுப்பேற்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பக்கத்தை முடிக்கும் அவசரத்தில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தர மாட்டார்கள். அவதூறு வழக்கு, தகவல் உரிமைச் சட்டம், பட்ஜெட் அட்டவணையை வாசிக்கும் முறை ஆகியவையும் இப்படித்தான். நிதானமாகக் கற்க வேண்டியவை.

பேச்சுப் பயிற்சியின் பயன் மேடையோடு நிற்பதில்லை. நேர்காணலில்தான் அது முதலில் கைகொடுக்கும். 'சாலையைச் சீரமைப்பீர்களா?' என்று அதிகாரியிடம் கேட்டால் 'விரைவில்' என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். 'சென்ற ஆண்டு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது, மீதி எங்கே?' என்று கேட்டால் அவர் கோப்பைத் திறந்தாக வேண்டும். கேள்வியைக் கட்டுவது, பதிலைக் காது கொடுத்துக் கேட்பது, நழுவும் இடத்தில் மறுகேள்வி போடுவது எல்லாம் பேச்சுக்கலையின் பாடங்களே.

மேடைப்பேச்சுக்குப் பெயர்போன தமிழ்நாட்டில் கேட்பதும் பதில் சொல்வதுமான இந்தப் பகுதி மெலிந்திருப்பது விந்தைதான். பள்ளி, கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பதற்கே பரிசு. இடையில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால் பேச்சாளர் தடுமாறுவார். பட்டிமன்றத்தில் எதிரணிக்குப் பதில் உண்டு. ஆனால் கைதட்டலுக்கு இருக்கும் மரியாதை அங்கே ஆதாரத்துக்கு இல்லை.

இதழியல் துறைகளின் குறை வேறு. கேமரா, எடிட்டிங் மென்பொருள், ஸ்டூடியோ என்று செலவு செய்யும் கல்லூரிகளில் சில, மாணவர் இதழை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் விழாப் படங்களை அடுக்கி, வெளியிடுகின்றன. நகராட்சிக் கூட்டத்துக்குப் போகாமல், நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்காராமல் பெறும் பட்டம் வேலைக்கான நுழைவுச் சீட்டாக உதவலாம். கல்வி என்று அதைச் சொல்ல முடியாது. சேர்க்கைக்குப் போகும் மாணவர்கள் ஸ்டூடியோவைப் பார்த்து மயங்காமல், அந்தத் துறை கடைசியாக வெளியிட்ட மாணவர் இதழ்களைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புவது நல்லது.