16 பக்கம் போதும்

ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளையின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? பெரும்பாலும் பாடநூலையே திரும்பவும் நீட்டுகிறோம். எந்தப் பக்கத்தில் வாசிக்க முடியாமல் நின்றதோ, அதே பக்கத்தில் மறுபடி கொண்டுபோய் நிறுத்துகிறோம். அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை, ஆசிரியர் உரக்க வாசிக்கக் கேட்பது. அதற்கு ஒரே பாடவேளையில் தொடங்கி முடிகிற சிறு புத்தகம் வேண்டும்.

பள்ளிக்கல்வித் துறை இதை உணராமல் இல்லை. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து 16 பக்கச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. படி பிரித்ததும் சரி, பக்கத்தைக் குறைத்ததும் சரி. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், பக்கம் குறைந்தாலே புத்தகம் எளிதாகிவிடாது.

'போயிட்டிருந்தான்' என்று வீட்டில் கேட்டுப் பழகியது பிள்ளையின் காது. அச்சில் 'போய்க்கொண்டிருந்தான்' என்று பத்து எழுத்துகள் ஒரே சொல்லாக நிற்கின்றன. 247 எழுத்துகளும் தெரிந்த பிள்ளைகூட கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடுகிறது. அதே சொல்லை ஆசிரியரின் குரலில் நான்கு முறை கேட்டிருந்தால், அச்சில் பார்த்ததும் பழகிய முகம்போல அடையாளம் கண்டுகொள்ளும். ஆகவே, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆசிரியர் தனியே ஒருமுறை வாய்விட்டு வாசிக்கட்டும். மூச்சு முட்டும் வாக்கியமும் நாக்கு இடறும் இடமும் அப்போதே தெரிந்துவிடும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகளை முதலில் எடுக்கலாம். மூன்றாம் முறை அந்த வரி வரும்போது ஆசிரியர் வாயைத் திறக்கும் முன் வகுப்பே சொல்லிவிடும். வாயைத் திறக்காத பிள்ளையும் கூடவே சொல்லும். பிறகு அந்தப் பிள்ளை தானாக வாசிக்கப்போகும் முதல் வரியும் அதுவாகத்தான் இருக்கும்.

பத்து வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எல்லோர் முன்னும் கொடுத்தால் கூனிக்குறுகிப் போகும். சொல் எளிதாக இருக்கட்டும். விஷயம் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும். மழைக்கு ஒழுகும் வீடு, வாடகை சைக்கிள், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தங்கை என்று எத்தனையோ இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லும் கதைகளை ஒதுக்கிவிடலாம். வாசித்து முடித்ததும் 'இக்கதையிலிருந்து நீ அறிவது என்ன?' என்று கேட்பதையும் விட்டுவிட வேண்டும். அந்தக் கேள்வி வரும் என்ற பயத்திலேயே பாதிப் பிள்ளைகள் கதையைக் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் பாடப்பகுதி முடியாது என்பார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பாடப்பகுதி எப்போதுமே முடிவதில்லை.

வந்த புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளும் உண்டு. ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் ஆய்வின்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நாற்பது பிள்ளைகள் கைபட்ட 16 பக்கம் கிழியத்தான் செய்யும்; கிழிந்தால் படிக்கப்பட்டது என்று பொருள். கிழிந்த, தொலைந்த சிறு நூல்களுக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கப்படாது என்று துறை எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் அவற்றுக்கு ஈடாகப் புதிய நூல்கள் வர வேண்டும். எந்த வகுப்புக்கு எந்த நூல் என்ற முடிவை, பிள்ளைகளை அறிந்த ஆசிரியரிடமே விட வேண்டும்.

சுற்றறிக்கை வரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டாம். நாளை முதல் பாடவேளையில் பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தை உரக்க வாசியுங்கள். முடிந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் அதையே இன்னொரு முறை வாசியுங்கள்.