ஆறு இரண்டான நாள்

என் மகளுக்கு 2025 ஜனவரி 17ஆம் தேதி ஏழு வயது நிறைந்தது. வெள்ளிக்கிழமை. மாலையில் கேக் வெட்டினோம். அவள் கேட்டிருந்த ஊதா நிற மெழுகுவத்தி, அத்தை செய்து கொண்டுவந்த கேசரி, வழக்கம்போல் மேசைக்கு அடியில் வெடித்த ஒரு பலூன். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் வேறு எதற்காகவோ விடுப்புச் செயலியைத் திறந்தேன். ‘பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு’ என்ற வரிக்கு எதிரே 2 என்று இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அங்கே 6தான் பார்த்துப் பழகியிருந்தேன்.

விதி எனக்குத் தெரியாதது அல்ல. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரை தாய்க்கு 6 நாள், தந்தைக்கு 6 நாள். அதன் பிறகு பன்னிரண்டு வயதுவரை ஆளுக்கு 2 நாள். அந்த இரண்டும் 2013இல்தான் வந்தது, அதற்கு முன் அதுவும் இல்லை. ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று பிள்ளைகள் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். எனக்குப் பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் தோழிக்கு மூத்தவள் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள், சின்னவனுக்கு மூன்று வயது. அதனால் அவளுக்கு ஆறும் அப்படியே இருக்கிறது. “இன்னொண்ணு பெத்துக்கோ, நாலு நாள் கூடுதலா கிடைக்கும்” என்றாள். சிரித்தோம். சிரித்துவிட்டு நான் மறுபடியும் அந்த 2ஐப் பார்த்தேன்.

ஏழு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் குறைவாக வரும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். குறையலாம். ஆனால் அதே ஜனவரியில்தான் வேறொன்றும் நடக்கிறது. அதுவரை பிள்ளை போன குழந்தைப் பராமரிப்பு நிலையம் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், ஜூன் டிசம்பர் என்று பாராது. தொடக்கநிலை ஒன்று தொடங்கியதும் பள்ளி பிற்பகல் ஒன்றரைக்கு முடிந்துவிடுகிறது. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு, செப்டம்பரில் ஒன்று, ஆண்டு இறுதியில் ஆறு என்று பன்னிரண்டு வாரம் விடுமுறை. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நாம் பெருமைப்படும் அதே மாதத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் நேரம் சுருங்குகிறது, நம் விடுப்பும் சுருங்குகிறது. மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்ததால் மாலைப் பொழுது சமாளித்துவிட்டது. ஆனால் உடம்பு சரியில்லாத பிள்ளையை அங்கே விட முடியாது. விடவும் கூடாதுதான்.

ஜனவரி 2ஆம் தேதி பள்ளி தொடங்கியது. நானும் அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம். அப்போது அவளுக்கு இன்னும் ஆறு வயது, ஆகவே எங்கள் கணக்கில் ஆறு இருந்தது. இடைவேளையில் பெற்றோர் எல்லாரும் கேன்டீன் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தோம். ஒரு மாதமாக வீட்டில் 50 காசு, 20 காசு, 10 காசு என்று நாணயங்களைப் பரப்பிவைத்துக் கடை விளையாட்டு விளையாடிப் பழக்கியிருந்தேன். அவள் போய் நூடல்ஸ் வாங்கினாள், மீதிக் காசைச் சட்டைப்பையில் போட்டாள், திரும்பிப் பார்க்காமல் புதுத் தோழியோடு உட்கார்ந்துவிட்டாள். “நம்மளைத் தேடவே இல்லையே” என்றார் அவர். அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. விமானங்களைப் பழுதுபார்க்கும் மனிதர், எளிதில் கலங்க மாட்டார்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். பல நிறுவனங்களுக்கு டிசம்பர் 31ஆம் தேதியோடு நிதியாண்டு முடியும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. தொடக்கநிலை ஒன்றும் தணிக்கைக் காலமும் சேர்ந்து வருவது யார் குற்றமும் இல்லை, நாட்காட்டியின் குற்றம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் அவளுக்குச் சளிக்காய்ச்சல். மருத்துவர் மூன்று நாள் எம்சி கொடுத்தார். அவர் தன்னுடைய இரண்டையும் போட்டார், நான் ஒன்று போட்டேன். அன்றிரவு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவரிடம் சொன்னேன்: “பிப்ரவரியே முடியல, என்கிட்ட ஒண்ணுதான் மிச்சம். டிசம்பர் வரைக்கும் இதை வச்சுதான் ஓட்டணும்.” அவள் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

தைப்பூசம் கழிந்து இரண்டாம் நாள், 13ஆம் தேதி, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு அவளை எழுப்பியபோது நெற்றி வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பமானி 37.7 காட்டியது. நான் அன்று துவாஸில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சரக்கிருப்புக் கணக்கை முடிக்க அதுதான் கடைசி நாள். அவர் ஐந்து மணிக்கே பகல் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த பாரசிட்டமால் மருந்தை எடுத்து அளந்து கொடுத்தேன். மணி 6.20. “ஒண்ணும் இல்லடா, லேசாதான் இருக்கு. முடியலன்னா டீச்சர்கிட்ட சொல்லு” என்றேன். அவள் தலையாட்டினாள். பள்ளி வாசலில் விட்டுவிட்டு ரயிலேறினேன்.

இதைப் படிக்கும் சிலர் முகம் சுளிப்பீர்கள். சிலர் உங்களுக்குள் பேசாமல் இருந்துவிடுவீர்கள் என்றும் எனக்குத் தெரியும். பாலர் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள், காலையில் சிரித்துக்கொண்டு வந்து பத்து மணிக்கு மேல் துவளும் பிள்ளைகளைப் பற்றி. மருந்தின் வேகம் நான்கு மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். நாளெல்லாம் எண்களைச் சரிபார்க்கும் எனக்கு இந்தக் கூட்டல் தெரியாதா? தெரியும். போட்டுப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

10.40க்குப் பள்ளி அலுவலகத்திலிருந்து அழைப்பு. 38.9. அவருடைய கைபேசி வேலை நேரத்தில் லாக்கரில் இருக்கும். அத்தை ஈசூனில் இருக்கிறார், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரை அலைய விட வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். துவாஸ் தீவின் ஒரு கோடி, பொங்கோல் கிட்டத்தட்ட இன்னொரு கோடி. குழுத்தலைவியிடம் சொல்லிவிட்டு டாக்சியில் ஏறினேன். விரைவுச்சாலையில் ஒவ்வொரு வெளிவழிப் பலகையையும் எண்ணிக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் படுத்திருந்தாள். காலணியைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்திருந்தாள். அங்கிருந்த பெண்மணி சொன்னார், முதல் பாடத்திலிருந்தே மேசையில் தலை சாய்த்திருந்தாளாம். ஆசிரியர் இரண்டு முறை கேட்டாராம். இரண்டு முறையும் “ஐ அம் ஓகே” என்றிருக்கிறாள். இடைவேளையில் பக்கத்துப் பிள்ளைதான் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறது.

டாக்சியில் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். “ஏண்டா டீச்சர் கேட்டப்போ சொல்லல?”

“உங்களுக்கு ஒண்ணுதான இருக்கு.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தெம்பனீஸ் விரைவுச்சாலையில் இருந்தோமா, வேறெங்கும் இருந்தோமா என்று தெரியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மாலை அத்தைக்குச் செய்தி போய்விட்டது, அவர் பிள்ளை மூலமாக. எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் ரசம், மறு கையில் ஊன்றுகோல். என்னை ஒன்றும் கேட்கவில்லை. பேத்திக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டு, அவள் தூங்கிய பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உன் புருஷனுக்கு ஆறு வயசுல அம்மை போட்டுச்சு, தெரியுமா?”

தெரியாது. தோ பாயோவில் இருந்த காலம். அத்தை மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். மாமா துறைமுகத்தில். ஒரு நாள்கூட விடுப்பு போடாமல் மாதம் முழுக்கப் போனால் 40 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பார்களாம். மாதத்தில் இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. “உடம்பெல்லாம் கொப்புளம். நான் ஷிஃப்டுக்குப் போயிட்டேன்மா. அடுத்த வீட்டு மக்சிக்தான் அவனைத் தூக்கிட்டுப் போய் வச்சுக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க வேப்பிலை வைப்பாங்கன்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்களோ, பத்து பிளாக் தள்ளி இருந்த மரத்துல போய் ஒடிச்சுட்டு வந்து அவன் தலைமாட்டுல போட்டிருந்தாங்க. விடியக்காலையில வந்து பாக்குறேன், பையன் வேப்பிலையைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தூங்குறான்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த நாப்பது வெள்ளிய என்ன செஞ்சேன்னு ஞாபகம் இல்ல. வாங்கினது மட்டும் ஞாபகம் இருக்கு” என்றார்.

என்னைத் தேற்ற வந்தாரா, தன் மனதில் கிடந்ததை இறக்கி வைக்க வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நான் மிச்சமிருந்த அந்த ஒன்றையும் எழுதிப் போட்டேன். செயலியில் சுழியம் வந்தது. வினோதமாக, நிம்மதியாகவும் இருந்தது. பாதுகாக்க இனி எதுவும் இல்லை.

அடுத்த வாரம், வெகு நாளாகத் தள்ளிப்போட்ட ஒன்றைச் செய்தேன். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர் எழுத்துபூர்வமாகக் கேட்டால் முதலாளி முறையாகப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று வழிகாட்டி நெறிமுறைகள் வந்திருக்கின்றன. கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, பதில் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணிக்குக் கிளம்பி, மீதி வேலையை இரவு வீட்டிலிருந்து முடிப்பதாக எழுதிக் கேட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வாரத்தில் ஒரு நாள் சரி, ஜனவரி முதல் மார்ச் வரை நீங்கலாக.

குடை தருகிறோம், மழைக்காலம் தவிர என்பதுபோல் இருந்தது. ஆனால் கேட்காமலே இருந்திருந்தால் அந்த ஒரு நாளும் இல்லை. ஆகவே இப்போது புதன்கிழமைகளில் மூன்றரைக்கே அவளை மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்துவருகிறேன். எழுதிக் கேட்கத் தயங்கும் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம்: ‘சிரமமாக இருக்கிறது’ என்று எழுதாமல், எந்த நாள், எத்தனை மணி, விட்ட வேலையை எப்போது முடிப்பேன் என்று எழுதினேன். தந்தைமார்களும் எழுதலாம். அந்த நெறிமுறைகள் அம்மாக்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. அவளுக்கு இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை நாங்கள் பயன்படுத்தாத பராமரிப்பு விடுப்பு நாட்கள் எத்தனையோ. ஆண்டு முடிந்ததும் அவை போய்விட்டன. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவற்றில் நான்கு நாளை எடுத்து வைத்துக்கொள்ள முடிந்திருந்தால் என்று நினைப்பேன். மகப்பேற்றுக்கு, பிறந்த குழந்தைக்கு என்று அரசாங்கம் சமீப ஆண்டுகளில் நிறையவே செய்திருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து தந்தையருக்கு நான்கு வாரம் கட்டாயமானது, அதற்கு மேல் பெற்றோர் பகிர்ந்துகொள்ள அப்போது ஆறு வாரமும் வந்தது. மகிழ்ச்சிதான். கைக்குழந்தை அழுது கேட்கும். ஏழு வயது அழாமல் மேசையில் தலை சாய்த்துக்கொள்ளும்.

பிறந்தநாளுக்கு அவள் கேட்டிருந்த பரிசு பொம்மை அல்ல, ‘பாலத்துக்கு மேல போற ரயில்’. உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு போகும் தெப்ராவ் ரயிலைத்தான் சொன்னாள். தணிக்கைக் காலம் என்று ஜனவரியில் தள்ளிப்போட்டது ஜூன் விடுமுறையில்தான் முடிந்தது. முன்கூட்டியே டிக்கெட் எடுத்தேன், ஆளுக்கு 5 வெள்ளி. பயண நேரம் ஐந்து நிமிடம். குடிநுழைவுச் சோதனை இரண்டையும் உட்லண்ட்ஸிலேயே முடித்துவிடுவதால் அக்கரையில் இறங்கி அப்படியே நடந்து வெளியேறலாம். கடற்பாலத்தில் பக்கத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நகராமல் நிற்க, நாங்கள் கடந்து போனோம். அத்தையும் வந்திருந்தார், ஊன்றுகோலை முழங்காலுக்கிடையில் நிறுத்திவைத்துக்கொண்டு. அவர் சின்ன வயதில் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து ரயிலேறிய கதையைச் சொல்லத் தொடங்கினார். முடிப்பதற்குள் பாதிப் பாலம் தாண்டிவிட்டது.

மகள் சன்னலில் மூக்கை ஒட்டி வைத்திருந்தாள். திடீரென்று திரும்பி, “இன்னிக்கு என்ன லீவும்மா?” என்றாள்.

“என்னோட சொந்த லீவு. ஆண்டு விடுப்பு.”

“அதுல எத்தனை இருக்கு?”

“பதினொண்ணு.”

விரல்களை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தாள். சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.