காமிராவும் துப்பாக்கிதானா?

கார்த்திகை பிறந்து பறவைகள் கூடு கட்டத் தொடங்கியதும், வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குக் காமிராக்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன. முழ நீள லென்ஸுடன் வருகிறவர்கள் சிலர். செல்போனுடன் வருகிறவர்கள் பலர். துப்பாக்கி தூக்கிய காலம் போய்க் காமிரா தூக்கும் காலம் வந்தது நல்லதுதான். ஆனால், காமிராவால் பறவைக்குத் தீங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஒன்று கிளம்பினால்...

வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி. தண்ணீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அடுத்தடுத்துக் குடித்தனம் நடத்துகின்றன. அருகில் ஆள் போனாலோ, தலைக்குமேல் டிரோன் பறந்தாலோ ஒரு பறவை மிரண்டு எழும்பும். அதைப் பார்த்துப் பக்கத்துக் கூட்டுப் பறவைகளும் எழும்பும். தாய்ப்பறவை விலகிய கூட்டில் வெயில் நேராக விழுகிறது. இறகு முளைக்காத குஞ்சு அதைத் தாங்காது. காகத்துக்கோ அந்தச் சில நிமிஷமே போதும், முட்டையைக் கொத்திக்கொண்டு போக! படம் எடுத்தவர் இதைப் பார்ப்பதில்லை. அவர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குச் சுடுவதும் பொறி வைப்பதும் மட்டும் பொருளல்ல. காட்டுப் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு செய்வதும் வேட்டையே. அப்படியானால், நல்ல படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்கிறவரை என்னவென்று அழைப்பது?

வேடந்தாங்கலின் கதையே வேட்டையை எதிர்த்துத்தான் தொடங்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காத கிராமத்தார், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று இந்த ஏரி உலக கவனம் பெற்றது என்றால், அதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அந்த விவசாயிகள்தாம்.

செய்ய வேண்டியது

படம் பிடிப்பதே கூடாது என்பதல்ல நம் வாதம். எந்தப் பறவை வந்தது, எப்போது வந்தது என்பதற்குப் படம் நல்ல சாட்சி. காலில் மாட்டிய வளையத்தின் எண்ணைக்கூடச் சில சமயம் படத்திலேயே படித்துவிடலாம். ஆனால் அதற்குக் கரையும் காட்சிக் கோபுரமும் போதும். பறவை தன் வேலையை விட்டுவிட்டு நம்மையே உற்றுப் பார்க்கிறதா? எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். உடனே பின்வாங்க வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கூட்டை நெருங்கி எடுத்த படத்துக்குப் பரிசு இல்லை, பிரசுரமும் இல்லை என்று அறிவித்துவிட்டால் பாதிப் பேர் கரையிலேயே நின்றுவிடுவார்கள். படம் சற்றுச் சிறியதாக விழுந்தால் விழட்டும். அடுத்த ஆண்டும் அந்த நாரை வரவேண்டும் அல்லவா?