ஞாயிறு காலைச் சவாரி

குதிரையேற்றம் பழகுபவள் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது இரண்டே கேள்விகள். கீழே விழுந்ததுண்டா? சொந்தமாகக் குதிரை இருக்கிறதா? விழுந்திருக்கிறேன். சொந்தக் குதிரை கிடையாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு அதற்கு இடமும் இல்லை, வசதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சிப் பள்ளிக்குப் போய், அன்றைக்கு எந்தக் குதிரை கிடைக்கிறதோ அதில் ஏறுவேன். வயது ஐம்பதைத் தாண்டிய பிறகும் சனிக்கிழமை இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

ஆசைக்கு வித்திட்டது அந்தியூர். ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவோடு கூடும் சந்தைக்குத் தாத்தா மாடு பார்க்கப் போவார். நான் அவர் கையை விட்டுவிட்டுக் குதிரைகள் கட்டியிருக்கும் பக்கம் ஓடிவிடுவேன். கத்தியவாரிக் குதிரையையும் மார்வாரிக் குதிரையையும் முதலில் பார்த்தது அங்கேதான். காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும். வாங்க வந்தவர்கள் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். சுழி சுத்தமா என்று கழுத்தையும் நெற்றியையும் தடவுவார்கள். நாலு காலும் நெற்றியும் வெள்ளையாக இருந்துவிட்டால் பஞ்சகல்யாணி என்று விலை ஏறும். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. புல் மெல்லும்போது கண்ணுக்கு மேலுள்ள குழி அசைவதையும், மூக்குத் துவாரத்திலிருந்து வரும் சூடான மூச்சையும் கவனித்தபடி தாத்தா வந்து அழைக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன்.

வேலை கிடைத்துக் கோவைக்கு வந்த பிறகுதான் சேணத்தில் உட்கார வாய்த்தது. லாயத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் எனக்குக் குரு. நான் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கையால இழுக்காதீங்கம்மா, அதுக்கு வாய் வலிக்கும். இடுப்பால சொல்லுங்க, கேட்டுக்கும்.”

ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறுகிற பிராணி அது. முதுகில் இருப்பவளின் எடை ஒரு பக்கம் சாய்வது அதற்குத் தெரியாமல் போகுமா? சாதாரண நடையில் குளம்புகள் நான்கு தட்டாக விழும். ட்ராட் என்னும் துள்ளு நடையில் இரண்டு, கேன்டர் என்னும் மெதுவான பாய்ச்சலில் மூன்று. ட்ராட்டில் முன்வலக் காலும் பின்னிடக் காலும் ஒன்றாக விழும், அடுத்து மற்ற இரண்டும். ஒரு ஜோடிக்கு எழுந்து மறு ஜோடிக்கு உட்கார வேண்டும். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு செய்தால் தாளம் தப்பும். இடுப்பு இளகி, குதிகால் தாழ்ந்து, பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே முன்னால் போகப் பழகிவிட்டால் உடம்பே எழுந்து உட்காரும். அப்படிப் பழகிய பிறகு ஒரு காலை, ராணி என்ற செம்பழுப்புப் பெட்டைக் குதிரையின் மேல், மூச்சை நீளமாக விட்டு, முதுகை நிமிர்த்திச் சற்று அழுத்தி உட்கார்ந்தேன். கை அசையவில்லை. ராணி நின்றாள். 400 கிலோவுக்குக் குறையாத ஓர் உயிர், வேண்டாம் என்று நினைத்தால் என்னை ஒரே உதறலில் மண்ணில் தள்ளிவிடக்கூடியது, என் மூச்சைக் கேட்டு நின்றது. அதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

குதிரையேற்றம் பலசாலிகளுக்கு உரியது என்று யாராவது சொன்னால் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் கதையைச் சொல்வேன். 1944இல் வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயலற்றுப் போனது. குதிரையில் ஏற்றிவிட ஆள் வேண்டும், இறக்கிவிடவும் வேண்டும். குதிரையை முடுக்க மற்றவர்கள் நம்பியிருக்கும் கெண்டைக்காலும் குதிகாலும் அவருக்கு உதவாது. இடுப்பு, முதுகு, எடை, இவ்வளவுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், டிரெஸ்ஸாஜ் என்னும் நுட்பமான நடைப் போட்டியில், ஆண்களோடு மோதி வெள்ளி வாங்கினார். அதற்கு முந்தைய ஒலிம்பிக் வரை அந்தக் களம் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே. 1948இல் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் ஒருவர் அதிகாரி அந்தஸ்து இல்லாத சார்ஜெண்ட் என்று தெரிந்ததும் பதக்கத்தையே பறித்துவிட்டார்கள். குதிரைக்குத் தோள்பட்டையின் நட்சத்திரம் தெரியுமா என்ன! விதி மாறியது. 1952இல் அந்தச் சார்ஜெண்ட், கெஹ்னல் பெர்சன், தங்கம் வென்ற அணியில் மறுபடியும் இருந்தார். இன்றைக்கு ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் நேருக்கு நேர் நிற்கும் விளையாட்டு இது.

என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவர் ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு. 1964 டோக்கியோவில் தாண்டும் போட்டியில் இறங்கினார். பிறகு நிறுவன வேலை, பொறுப்புகள். அலுவலகத்துக்குப் போகும் முன் காலை நேரத்தில் சவாரியை விடாமல் வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பின் 2008 பீஜிங், 2012 லண்டன். லண்டனில் அவருக்கு வயது 71. பதக்கம் எதுவும் இல்லை. அவர் படத்தை வெட்டி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சவாரி ஒரு மணி நேரம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலையும் அவ்வளவு நேரம் பிடிக்கும், அதுவும் எனக்குப் பிடித்ததே. குளம்பைத் தூக்கிக் கல்லையும் சாணியையும் நோண்டி எடுக்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும் என்பதால் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட வயிறு முக்கியம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் அளவுக்கு இரைப்பையும் சிறியது. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு. கொள்ளு ஆசையாகத் தின்கிறதே என்று ஒரே வேளையில் அள்ளிப் போட்டால் வயிற்றுவலியில் தரையில் புரளும், செத்தும் போகும். ஒரு காலத்தில் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வளர்க்கத் தெரியாமல், சமைத்த சோற்றையும் இறைச்சியையும் ஊட்டி, லாடம் அடிக்க ஆளில்லாமல் அவை மடிந்துபோவதை 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடற்கரையிலும் மலை வாசஸ்தலங்களிலும் போட்டோவுக்காகக் குழந்தையைக் குதிரையில் ஏற்றும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்றும் முன் அந்தக் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா, சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, எட்டும் தூரத்தில் தண்ணீரும் நிழலும் இருக்கிறதா? இல்லையென்றால் ஏற்ற வேண்டாம். ஏன் ஏற்றவில்லை என்று குழந்தைக்கும் சொல்லுங்கள், குதிரைக்காரரிடமும் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் பிழைப்பும் அந்தக் குதிரையை நம்பித்தான் இருக்கிறது. அதற்குத் தண்ணீரும் மருந்தும் கிடைத்தால் அவருக்கும் நல்லது.

எங்கள் பள்ளியில் சென்ற மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் சேர்ந்திருக்கிறார். இந்த வயதில் பழக முடியுமா என்று வாசகர்கள் சிலர் எனக்கு எழுதிக் கேட்பதுண்டு. முடியும். மருத்துவரிடம் முதுகையும் எலும்பையும் காட்டிவிட்டு வாருங்கள். வயதான, நிதானமான குதிரையாகக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும். தலைக்கவசத்தை இரவல் வாங்காமல் உங்கள் தலைக்குப் பொருந்துவதாகச் சொந்தத்தில் வாங்குங்கள். செருப்பும் விளையாட்டு ஷூவும் ஆகாது. சிறிய குதிகால் வைத்த காலணி வேண்டும், அங்கவடிக்குள் பாதம் முழுவதும் நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் அதுதான் தடுக்கும்.