பொத்தானின் நிறமும் விரலின் விருப்பமும்

தேர்தல் நாளில் வாக்காளரின் விரலில் இடப்படும் அழியா மை மைசூருவில் உருவாகிறது. 1937ஆம் ஆண்டு நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கப்பட்ட மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம், 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் அதனை வழங்கி வருகிறது. மை இடப்பட்ட வாக்காளர் அடுத்து வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறார். அவ்வியந்திரத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் உரிய பொத்தான் ஒரே அளவினது. ஒரே நீல நிறத்தது. தேர்வு செய்ய வேண்டியது வாக்காளரின் மனமே. பொத்தானின் நிறம் அன்று.

இணையதளங்களில் நிலைமை வேறு. அங்குள்ள பொத்தானின் நிறம் பெரும்பாலும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதற்கு 'ஏ-பி சோதனை' என்று பெயர். ஒரு தளத்திற்கு வருவோர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்படுவர். ஒரு பிரிவினர் பச்சைப் பொத்தானையும், மற்றொரு பிரிவினர் செம்மஞ்சள் பொத்தானையும் காண்பர். எந்தப் பொத்தான் மிகுதியாக அழுத்தப்பட்டது என்பதைக் கணினி எண்ணிச் சொல்லும். ஆயிரம் பேரில் 30 பேர் ஒன்றையும், வேறோர் ஆயிரம் பேரில் 33 பேர் மற்றொன்றையும் அழுத்தினால், அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். ஆகவே மேலும் பலரிடம் சோதித்த பின்னரே முடிவு செய்வர்.

கூகுள் நிறுவனம் நீலத்தின் 41 சாயல்களை இவ்வாறு சோதித்த செய்தி 2009ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ நிறுவனமும் 'பேஜ்சென்ஸ்' என்னும் பெயரில் இத்தகைய சோதனைக் கருவியை வழங்குகிறது.

சோதிப்பது தீதன்று. பின்புலத்தோடு கலந்து கண்ணுக்குப் புலப்படாத பொத்தானைத் தெளிவாக்கவும், சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதோர்க்கு உதவவும் இச்சோதனை பயன்படும். ஆனால், அதற்கு ஒரு குறை உண்டு. எத்தனை பேர் அழுத்தினர் என்பதை அது சொல்லும். அழுத்தியவர் அதனை விரும்பினாரா, பின்னர் வருந்தினாரா என்பதைச் சொல்லாது. 'ஏற்கிறேன்' என்பதைப் பளிச்சிடும் நிறத்திலும், 'வேண்டாம்' என்பதை மங்கிய சாம்பல் நிறத்திலும் அமைத்தால் எண்ணிக்கை கூடும். எனினும் அது வெற்றி ஆகாது, ஏமாற்றமே ஆகும்.

வாங்குவோர் கண்ணைக் கவர்வது வணிகரின் உரிமை அன்றோ எனச் சிலர் வினவலாம். மைசூரு தேவராஜ சந்தையில் வண்ண வண்ணக் குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைக்கும் வணிகரும் கண்ணைக் கவரவே அவ்வாறு செய்கின்றனர். அதில் குற்றமில்லை, வேண்டாம் என்போர் விலகிச் செல்லும் வழி அங்கே திறந்தே இருக்கிறது. நிறத்தால் அழைப்பது வேறு. நிறத்தால் வழியை மறைப்பது வேறு.

இவ்வேறுபாட்டை இந்திய அரசும் உணர்ந்துள்ளது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 வகை உத்திகளைத் தடை செய்கின்றன. பொருள் வாங்க விருப்பமா எனக் கேட்டுவிட்டு, 'இல்லை' என்னும் விடையை மங்கிய நிறத்தில் காட்டுவதும் அவற்றுள் அடங்கும்.

சட்டம் மட்டும் போதாது. சொந்த ஊருக்குச் செல்லக் கைப்பேசியில் பயணச்சீட்டு எடுக்கும்போது, பெற்றோர்க்கும் தாத்தா பாட்டிக்கும் துணை நிற்போர் பல வீடுகளில் பிள்ளைகளே. கேளாத காப்பீட்டுத் தொகை ஒன்று கட்டணத்தோடு சேர்ந்துவிட்டால், இழப்பு அக்குடும்பத்தின் உழைப்புக்கே. ஆதலால், பளிச்சிடும் பொத்தானைக் கண்டதும் அழுத்தாமல், மங்கிய எழுத்தில் அருகே இருப்பதையும் படித்துப் பார்ப்பது நன்று. நாளை அவர்களுள் சிலர் இணையதளங்களை வடிவமைக்கும் பணிக்கும் செல்வர். அப்போது, எந்த நிறம் மிகுதியாக அழுத்தப்படும் என்று கேட்பதற்கு முன், அழுத்துவோர்க்கு அதனால் நன்மை உண்டா என்று அவர்கள் கேட்க வேண்டும்.